விழித்திரைச் சிரை அடைப்பு: முதல் மங்கலிலிருந்து கடைசி ஊசி வரை

ஆவணி முகூர்த்தத்துக்குத் தைக்க வேண்டிய பிளவுஸ்கள் மேசைமேல் குவிந்து கிடந்த நேரம். அந்த அக்காவுக்கு 56 வயது, முப்பது வருடத் தையல் அனுபவம். மெஷின் ஊசியில் நூல் கோக்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வது அவருடைய பழக்கம். அன்று காலை அப்படி மூடியபோது ஊசியின் காதையே காணோம். மேல்பக்கம் தெரிகிறது, கீழ்ப்பாதி புகை படிந்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. கண்ணைக் கழுவிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். அப்புறம் வலது கண்ணை மூடி, இடது கண்ணால் நூல் கோத்து வேலையைத் தொடர்ந்தார். எங்களிடம் வந்தது ஐந்து வாரம் கழித்து, முகூர்த்தமெல்லாம் முடிந்த பிறகு.

"வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன் தம்பி" என்றார்.

நான் ஒரு கண் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். டாக்டர் பார்த்து முடித்த பிறகு நோயாளியையும் கூட வந்தவரையும் உட்கார வைத்து, என்ன நோய், என்ன சிகிச்சை, எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று விளக்குவது என் வேலை. சிரை அடைப்பு என்று எழுதிய ஃபைல் என் மேசைக்கு வராத வாரம் கிடையாது. இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, இந்த நோயில் பார்வை போவதற்கு இரண்டு தாமதங்களே பெரும்பாலும் காரணம். வலி இல்லை என்று முதலில் வராமல் இருப்பது ஒன்று. இரண்டு ஊசி போட்டுக் கொஞ்சம் தெளிந்ததும் வருவதை நிறுத்திவிடுவது மற்றொன்று. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் தடுப்பதற்காக எழுதியது.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்வோம்

நம் பேச்சில் ரத்தக்குழாய்க்கும் நரம்பு, உணர்வு கடத்தும் நரம்புக்கும் நரம்பு. "கண் நரம்புல அடைப்புன்னு சொல்லிட்டாங்க" என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னதும், யாராவது ஒருவர் நரம்புக்கு நல்லது என்று சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுகிறார். மூன்று மாதம் அதை விழுங்கிவிட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையால் பெரிய கெடுதல் இல்லை, போன மூன்று மாதம்தான் திரும்பாது.

அடைபடுவது சிரை. வயலோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி வாய்க்கால், பயன்பட்ட ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரை வடிகால். வடிகால் அடைத்துக்கொண்டால் வயலில் தண்ணீர் தேங்கும், வரப்பு உடையும், பயிரின் வேர் அழுகும். விழித்திரையிலும் அப்படித்தான். பின்னோக்கி அழுத்தம் ஏறி மெல்லிய தந்துகிகள் கசிகின்றன, சில இடங்களில் வெடித்து ரத்தம் சிதறுகிறது. கசிந்த நீர் விழித்திரையின் நடுப்புள்ளியான மேகுலாவில் தேங்கி வீங்குகிறது. எழுத்து படிப்பதும் முகம் அறிவதும் ஊசியில் நூல் கோப்பதும் அந்தச் சின்ன இடத்தின் வேலை. அது வீங்கினால் பார்வை மங்கும்.

சிரையில் அடைப்பு ஏன் வருகிறது? விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடங்கள் உண்டு. அங்கே இரண்டுக்கும் சேர்த்து ஒரே உறை. பல வருட உயர் ரத்த அழுத்தத்தில் தமனியின் சுவர் தடித்து இறுகிப்போகும், அதே உறைக்குள் இருக்கும் மெல்லிய சிரையை நசுக்கும். நசுங்கிய இடத்தில் ரத்தம் சுழன்று உறைகிறது. இது கிளைச் சிரை அடைப்பு. இந்தக் குறுக்குச் சந்திப்புகள் விழித்திரையின் மேல் வெளிப்பகுதியில் அதிகம் என்பதால் அடைப்பும் அங்கேதான் அதிகம் வருகிறது. விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால், மேலே அடைத்தால் பார்வையில் கீழே மங்கும். தையல்கார அக்காவுக்கு நடந்தது இதுதான்.

எல்லாக் கிளைகளும் சேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் பெரிய சிரை, பார்வை நரம்பு கண்ணைத் துளைத்துச் செல்லும் இடுக்கான சல்லடைப் பகுதியில் அடைத்தால் அது மையச் சிரை அடைப்பு. அதில் மொத்தப் பார்வையும் மங்கும். இரண்டில் அதிகம் வருவது கிளை அடைப்பு, மோசமானது மைய அடைப்பு. நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கு அடுத்தபடியாக, விழித்திரை ரத்தக்குழாய் நோய்களில் அதிகம் காணப்படுவது இந்தச் சிரை அடைப்பு. 2015இல் உலகம் முழுக்கச் சுமார் 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இது இருந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது.

படி 1: ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பது

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடி மறைத்துவிடும். முகம் துடைக்கும்போது, ஒரு கண்ணில் தூசி விழுந்து மூடும்போது என்று தற்செயலாகத்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள். தற்செயலுக்கு விட வேண்டாம். வீட்டில் தினசரி நாள்காட்டி இருந்தால் ஆறடி தள்ளி நின்று, வலது கண்ணை உள்ளங்கையால் மூடித் தேதியைப் பாருங்கள், பிறகு இடது கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு ஜன்னல் கம்பியையோ தரை ஓட்டின் கோட்டையோ அதே மாதிரி பாருங்கள். கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் மேகுலாவில் ஏதோ நடக்கிறது என்று பொருள். ஐம்பது தாண்டியவர்கள், பிரஷர் அல்லது சர்க்கரை உள்ளவர்கள் வாரம் ஒரு முறை இதைச் செய்யலாம். அரை நிமிட வேலை.

சிரை அடைப்பில் வலி இருக்காது, கண் சிவக்காது. காலையில் எழும்போதே மங்கலாக இருந்தது என்று சொல்பவர்கள் நிறைய. ஒரு வாரத்துக்குள் விழித்திரை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், முடிந்தால் ஓரிரு நாளில்.

ஒரு முக்கியமான விஷயம். விளக்கை அணைத்த மாதிரி ஒரு கண்ணில் பார்வை சில நொடிகளில் முழுக்கப் போனால் அது தமனி அடைப்பாக இருக்கலாம். வாய்க்காலே அடைத்த நிலை அது. சுமார் 4 மணி நேரத்தில் விழித்திரை மீள முடியாத அளவுக்குப் பாழாகிவிடும். மூளைப் பக்கவாதத்துக்கு எப்படி ஓடுவோமோ அப்படி, பக்கவாத சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்கு அந்த நிமிடமே போக வேண்டும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு எது சிரை, எது தமனி என்று பிரித்தறிய முயல வேண்டாம்.

படி 2: முதல் நாள் பரிசோதனை

காலையில் போனால் மதியம் ஆகிவிடும் என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். கண்ணின் நடுவில் உள்ள கருந்துளையான பாப்பாவைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து போடுவார்கள், சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, பழைய ரத்தப் பரிசோதனை முடிவு, மூக்குக்கண்ணாடி மூன்றும் கையில் இருக்கட்டும்.

சொட்டு போடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய மூன்று வேலைகள் உண்டு. எழுத்துப் பலகையில் ஒவ்வொரு கண்ணின் பார்வையை அளப்பது. கண்ணின் அழுத்தம் பார்ப்பது. மூன்றாவது, டார்ச் வெளிச்சத்தை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டி பாப்பா எப்படிச் சுருங்குகிறது என்று கவனிப்பது. சாதாரண டார்ச்தானே என்று தோன்றும். ஆனால் விழித்திரையில் எவ்வளவு பகுதி ரத்தமில்லாமல் பட்டுப்போயிருக்கிறது என்பதற்கு அது நல்ல தடயம். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் இந்த நோயை ஆராய்ந்த டாக்டர் சோகன் சிங் ஹைரே, மைய அடைப்பில் எது ஆபத்தானது என்று பிரிக்க விலை உயர்ந்த படங்களை மட்டும் நம்ப வேண்டாம், பார்வையின் அளவும் பாப்பாவின் அசைவும் போன்ற செயல் சோதனைகளே நன்றாகக் காட்டிக்கொடுக்கும் என்று விடாமல் வாதிட்டவர். சொட்டு போட்ட பிறகு அந்த டார்ச் சோதனையைச் செய்ய முடியாது. பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத்திரையில் புதிய ரத்தக்குழாய் முளைத்திருக்கிறதா என்றும் சொட்டுக்கு முன்பே பார்த்துவிடுவார்கள்.

பிறகு உள்ளே பார்ப்பார்கள். மைய அடைப்பு என்றால் நான்கு பக்கமும் தீச்சுவாலை வடிவில் ரத்தத் திட்டுகள், பாம்பு போல வளைந்து புடைத்த சிரைகள். கிளை அடைப்பு என்றால் ஒரு பக்கத்தில் மட்டும், குறுக்குச் சந்திப்பிலிருந்து விசிறி விரித்த மாதிரி ரத்தம். பார்த்தவுடனே டாக்டருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து ஓசிடி ஸ்கேன். முகவாயை வைத்து ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும், கண்ணில் எதுவும் படாது. விழித்திரையின் குறுக்குவெட்டை அடுக்கடுக்காகக் காட்டும். நடுப்பகுதியின் தடிமன் சாதாரணமாக 250 மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) ஒட்டி இருக்கும். நடுவில் சின்னப் பள்ளம் தெரியும். வீங்கிய கண்ணில் அந்தப் பள்ளம் மேடாகி, உள்ளே கருப்பு நீர்க்குமிழிகள் தெரியும், தடிமன் 500, 600 என்று ஏறியிருக்கும். தையல்கார அக்காவின் வலது கண்ணில் 540 இருந்தது. அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இனி வரும் மாதங்களில் சிகிச்சை வேலை செய்கிறதா என்பதை உங்கள் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி அது.

சிலருக்கு ஆஞ்சியோ எடுக்கச் சொல்வார்கள். இதய ஆஞ்சியோ போலக் குழாய் விடுவது கிடையாது. கைச் சிரையில் மஞ்சள் சாயம் செலுத்தி, அது விழித்திரையில் ஓடுவதைத் தொடர்ந்து படம் பிடிப்பார்கள். சிலருக்கு ஒரு நிமிடம் குமட்டும். அன்று முழுக்கச் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். மருந்து ஒவ்வாமை, ஆஸ்துமா இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ரத்தமே போகாத பகுதி எவ்வளவு என்று இந்தப் படம் காட்டும். மைய அடைப்பில் பார்வை நரம்பு வட்டத்தைப் போல 10 மடங்குக்கு மேல் பட்டுப்போன பரப்பு இருந்தால் ரத்தமற்ற வகை என்று கணக்கு வைப்பார்கள். முதல் வாரங்களில் ரத்தத் திட்டு மறைத்துக்கொள்வதால், கொஞ்சம் கரைந்த பிறகு எடுப்பதும் உண்டு. சாயமே இல்லாமல் ஓசிடி வழியாக ரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கும் வசதியும் இப்போது பல இடங்களில் இருக்கிறது.

படி 3: கண்ணை விட்டு உடம்பைப் பார்ப்பது

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். கண் டாக்டர் எழுதிக் கொடுத்த பொது மருத்துவர் கடிதம் பையிலேயே மடிந்து கிடக்கும். தையல்கார அக்காவுக்கு எங்கள் மருத்துவமனையில் பிரஷர் 178க்கு 104. பிரஷர் இருப்பதே அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் அளந்ததே இல்லை.

ஐம்பது தாண்டியவருக்குப் பார்க்க வேண்டியவை எளிமையானவை: ரத்த அழுத்தம், சர்க்கரையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியும், கொழுப்பு, முழு ரத்த எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிறுநீரகச் செயல்பாடு, ஒரு இசிஜி. மைய அடைப்பு என்றால் கண் அழுத்த நோய் (கிளாகோமா) இருக்கிறதா என்று இரண்டு கண்ணிலும் பார்க்க வேண்டும். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். புகைப்பவர்கள் இன்றோடு நிறுத்த வேண்டும்.

வயது குறைவாக இருந்து, பிரஷரும் சர்க்கரையும் இல்லாதவருக்கு வந்தால் தேடுதல் விரிவடையும். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவு, ரத்தம் எளிதில் உறையும் தன்மை, ரத்தக்குழாய் அழற்சி, காசநோய்க்கான பரிசோதனை என்று போகும். ஹோமோசிஸ்டீன் ஏறுவதற்குப் பி12 குறைபாடு ஒரு காரணம். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை போட்டால் அடைப்பு கரைந்துவிடுமா என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். கரையாது. கண்ணுக்காக என்று ஆஸ்பிரினைத் தானாக ஆரம்பிக்க வேண்டாம். இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுபவர்கள், கண்ணில் ரத்தம் இருக்கிறதே என்று பயந்து தானாக நிறுத்தவும் வேண்டாம்.

படி 4: ஊசி

கண்ணில் ஊசி என்றதும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மாறும். கூட வந்தவர் நாற்காலியைப் பின்னால் இழுப்பார். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

ரத்தம் கிடைக்காத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. புதிய ரத்தக்குழாயை வரவழைக்கும் அழைப்பு அது. ஆனால் அதே புரதம் இருக்கும் குழாய்களையும் கசிய வைக்கிறது. ஊசி மருந்து இந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது, கசிவு நிற்கிறது, வீக்கம் வடிகிறது. அடைப்பை அது திறப்பதில்லை. காலப்போக்கில் பக்கத்துச் சின்னக் குழாய்கள் வழியாக ரத்தம் மாற்று வழி கண்டுபிடிக்கும். அதுவரை மேகுலாவை நீரில் ஊறவிடாமல் காப்பாற்றுவதுதான் ஊசியின் வேலை. மருந்தின் வீரியம் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

ஊசி போடும் அன்று நடப்பது இது. தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்வோம், ஏனென்றால் அடுத்த சில நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. காலைச் சாப்பாட்டையும் பிரஷர் மாத்திரையையும் விடக் கூடாது. எந்தக் கண் என்று நெற்றியில் குறி வைப்பார்கள். வைத்தார்களா, சரியான பக்கமா என்று நீங்களும் பாருங்கள். மரத்துப்போகும் சொட்டு இரண்டு மூன்று முறை. பிறகு பழுப்பு நிற அயோடின் மருந்தால் இமையும் கண்ணும் சுத்தம் செய்வார்கள். உண்மையைச் சொன்னால், எரிச்சல் அதில்தான். ஊசியைவிட இதற்கே முகம் சுளிப்பவர்கள் அதிகம். ஆனால் கிருமியைத் தடுப்பதில் இதன் பங்கு மிகப் பெரியது. பிறகு முகத்தில் துணி, இமை மூடாதிருக்கச் சின்னக் கம்பி. "காலைப் பாருங்க" என்பார் டாக்டர். கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில், மயிரிழை போன்ற ஊசி இறங்கும். மருந்தின் அளவு 0.05 மில்லி, ஒரு சொட்டு அளவுதான். ஓர் அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். நீங்கள் மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். கை விரல் எத்தனை என்று கேட்டுப் பார்வையை உறுதி செய்துகொண்டு அனுப்புவார்கள்.

அன்று மாலை மண் விழுந்த மாதிரி உறுத்தும். கருப்புக் குமிழி ஒன்றிரண்டு மிதக்கலாம், ஓரிரு நாளில் போய்விடும். வெள்ளைவிழியில் சிவப்புத் திட்டு தெரியலாம், அது வலிக்காமல் பத்து நாளில் மறையும். கசக்கக் கூடாது, குழாய்த் தண்ணீர் படக் கூடாது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதையும் ஊற்றக் கூடாது.

இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் வலி நாளுக்கு நாள் கூடினால், கண் மேலும் சிவந்தால், பார்வை மங்கிக்கொண்டே போனால், ஞாயிறு, பண்டிகை என்று பார்க்காமல் அன்றே போக வேண்டும். கண்ணுக்குள் கிருமி புகுந்த அறிகுறி அது. சில ஆயிரம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் நடக்கும். நடந்தால் மணிக்கணக்கு முக்கியம்.

கடந்த மூன்று மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எப்போது போடலாம் என்பதை அவர் முடிவு செய்வார்.

எத்தனை ஊசி, எந்த மருந்து

பொதுவாக மாதம் ஒன்று, வீக்கம் வடிந்து பார்வை நிலைக்கும் வரை. பிறகு இடைவெளியை ஆறு வாரம், எட்டு வாரம் என்று நீட்டிப் பார்ப்பார்கள். முதல் வருடத்தில் ஆறு முதல் ஒன்பது ஊசி ஆவது சாதாரணம். இரண்டாம் வருடம் குறையும். கிளை அடைப்பில் சிலருக்கு நின்றேவிடும்.

இதில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு ஆய்வுகளைச் சொல்வேன். 2010இல் வெளியான பிராவோ, க்ரூஸ் ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு ரானிபிசுமாப் என்ற மருந்தின் ஊசி, இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாமல் ஊசி போடுவது போன்ற பாவனை. ஆறு மாதத்தில், கிளை அடைப்பில் ஊசி பெற்றவர்களில் 61 சதவீதம் பேர் பலகையில் 15 எழுத்தோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தார்கள். மற்ற குழுவில் 29 சதவீதம். மைய அடைப்பில் 48க்கு 17. கிளை அடைப்பு சிலருக்குத் தானாகவே தெளியும் என்பதும் இந்த 29இல் தெரிகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. பாவனைக் குழுவுக்கும் ஆறு மாதம் கழித்து மருந்து கொடுத்தார்கள். மைய அடைப்பில் வருடக் கடைசியில் முதலிலிருந்தே ஊசி பெற்றவர்கள் சராசரியாக 14 எழுத்து முன்னேறியிருந்தார்கள், தாமதமாகத் தொடங்கியவர்கள் 7 எழுத்துதான். அதே மருந்து, அதே கைகள், ஆறு மாதத் தாமதம் மட்டுமே வித்தியாசம்.

மருந்துகளில் பெவாசிசுமாப் மிக மலிவு. குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்தைச் சின்னச் சின்ன அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்துகிறார்கள். பிரிப்பது சுத்தமான முறையில் நடக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் இரண்டும் கண்ணுக்காகவே வந்தவை, விலை கூடுதல். இந்தியாவில் 2015 முதல் ரானிபிசுமாப்பின் நிகர் மருந்து (அதே போல வேறு நிறுவனம் தயாரிக்கும் மருந்து) கிடைப்பதால் அந்தச் சுமை கொஞ்சம் குறைந்தது. ஃபாரிசிமாப் புதியது, சிலருக்கு இடைவெளி நீளும். மலிவு மருந்து போதுமா? மைய அடைப்பைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஸ்கோர்-2 ஆய்வு, ஆறு மாதத்தில் பெவாசிசுமாப் அஃப்லிபெர்செப்ட்டுக்குக் குறைந்ததில்லை என்றது. பிரிட்டனில் நடந்த லீவோ ஆய்வு, சுமார் இரண்டு வருடத்தில் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. என் கருத்து இது: கையில் இருக்கும் பணத்தில் விலை உயர்ந்த மருந்தை இரண்டு முறை போட்டு நிறுத்துவதைவிட, மலிவானதைத் தவறாமல் எட்டு முறை போட்டுக்கொள்வது நல்லது. இதை முதல் நாளே டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பணமில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு வராமல் போனவர்கள்தான் என் மனதில் அதிகம் நிற்கிறார்கள்.

காப்பீடு இருப்பவர்களுக்கு ஒரு தகவல். கண்ணுக்குள் போடும் ஊசியை விலக்க முடியாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் சேர்த்தது. உங்கள் பாலிசியில் அதற்கு உச்சவரம்பு எவ்வளவு என்று ஊசிக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி மட்டும் போதாதபோது

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் குச்சி வடிவில் கண்ணுக்குள் வைப்பதுண்டு. 0.7 மில்லிகிராம், மெதுவாகக் கரைந்து மூன்று நான்கு மாதம் வேலை செய்யும். மாதாமாதம் வர முடியாதவர்களுக்கும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் உதவும். கண் அழுத்தம் ஏறலாம், புரை வளரலாம். அதனால் முற்றிய கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இதைத் தவிர்ப்பார்கள்.

லேசருக்கு இப்போது இரண்டாம் இடம். 1984இல் கிளை அடைப்பின் வீக்கத்துக்கு அதுதான் பலன் தரும் சிகிச்சை என்று நிரூபணமானது, ஊசி வந்த பிறகு பின்னுக்குப் போனது. மைய அடைப்பின் வீக்கத்துக்கு லேசர் போட்டால் படத்தில் கசிவு குறைந்தாலும் பார்வை கூடவில்லை. ஆனால் புதிய ரத்தக்குழாய் முளைத்துவிட்டால் லேசர்தான் காப்பாற்றும். பட்டுப்போன பகுதியைச் சுட்டு, விஇஜிஎஃப் சுரப்பை அடியோடு குறைக்கும். கண்ணுக்குள் ரத்தம் கொட்டிக் கரையாமல் நின்றால் அறுவை சிகிச்சை செய்து வெளியேற்றுவார்கள்.

நூறு நாள் கணக்கு

ரத்தமற்ற வகை மைய அடைப்பு வந்தவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். விஇஜிஎஃப் கண்ணின் முன்பக்கத்துக்கும் பரவி, நிறத்திரையில் களை போல ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கும். அவை கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் மூலையை அடைத்தால் கண் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். அடைப்பு வந்து மூன்று மாதத்தை ஒட்டி இது தலைகாட்டுவதால் நூறு நாள் கிளாகோமா என்றே இதற்குப் பெயர். கண் சிவந்து, தலை வெடிப்பது போல வலித்து, வாந்தி வரும். பலர் பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். பார்வை போவதோடு வலியும் தங்கிவிடும் நிலை இது.

அதனால் முதல் ஆறு மாதம் மாதம் ஒரு முறை நிறத்திரையைப் பார்த்தே ஆக வேண்டும், ஊசி தேவைப்பட்டாலும் தேவைப்படாவிட்டாலும். சாதாரண வகை என்று சொன்னவர்களும் அசட்டையாக இருக்கக் கூடாது. அமெரிக்காவில் நடந்த பெரிய மையச் சிரை ஆய்வில், முதலில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்த கண்களில் 34 சதவீதம் மூன்று வருடத்துக்குள் ரத்தமற்ற வகைக்கு மாறின. அந்தக் கண்கள் மொத்தத்தில் 15 சதவீதம் முதல் நான்கு மாதத்திலேயே மாறிவிட்டன.

வீட்டில்

ஒரு நோட்டுப் போடுங்கள். இடது பக்கம் பிரஷர், வலது பக்கம் ஊசித் தேதி, மருந்தின் பெயர், ஓசிடி எண், பலகையில் படித்த வரி. பிரஷர் மாத்திரை வாழ்நாள் மாத்திரை. அளவு சரியாக வந்துவிட்டது என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள், நிறுத்தலாம் என்று பொருள் இல்லை. மற்ற கண்ணிலும் பிற்பாடு வர வாய்ப்பு இருப்பதால் அந்த நாள்காட்டிச் சோதனையை இரண்டு கண்ணுக்கும் தொடருங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் கூட வர ஆளில்லை என்பது ஊசி விட்டுப்போவதற்குப் பெரிய காரணம். மகன், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று பேரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து முறை போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பார்வை திரும்பும் என்பது மேகுலா எத்தனை நாள் ஊறிக் கிடந்தது, எவ்வளவு பகுதி பட்டுப்போனது என்பதைப் பொறுத்தது. முழுதாகத் திரும்பாதவர்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் குறைபார்வைப் பயிற்சியும் பெரிய கண் மருத்துவமனைகளில் உண்டு. கேட்டால்தான் அனுப்புவார்கள் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது, கேளுங்கள்.

தையல்கார அக்கா 14 மாதத்தில் 8 ஊசி போட்டுக்கொண்டார். இரண்டாவது ஊசிக்குப் பிறகு தீபாவளி ஆர்டர் வந்தது, வர முடியாது என்று போன் செய்தார். ஆர்டரில் பாதியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வாங்க அக்கா என்றேன், வந்தார். கடைசி ஓசிடியில் 262, நடுவில் பள்ளம் திரும்பியிருக்கிறது. வலது கண் 6/60இலிருந்து, அதாவது பலகையின் மேல் பெரிய எழுத்து மட்டும் தெரிந்த நிலையிலிருந்து, 6/12க்கு வந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் லேசாக ஒரு நிழல் மட்டும் மிச்சம். பிரஷர் 128க்கு 80. அடுத்து வர வேண்டியது 12 வாரம் கழித்து.